மீண்டும் அலைச்சறுக்கு: எந்தக் கோளாறுக்கு எதைச் சரிபார்ப்பது

இருபதுகளின் இறுதியில் கேரளத்துக் கோவளத்தில் இரண்டு பருவம் அலைச்சறுக்குக் கற்றுக்கொண்டு, பிறகு வேலை, திருமணம், குழந்தைகள் என்று 14 ஆண்டுகள் கடலைக் கரையில் நின்று மட்டுமே பார்த்துவிட்டு, 43 வயதில் மறுபடியும் பலகையைத் தூக்கியவன் நான். திரும்பி வருபவனின் கோளாறுகள் புதியவனின் கோளாறுகளிலிருந்து வேறுபட்டவை. தனக்கு ஒன்றும் தெரியாது என்பது புதியவனுக்குத் தெரியும். திரும்பி வருபவனின் தலைக்குள்ளோ பழைய உடம்பு ஒன்று உட்கார்ந்திருக்கிறது; பலகையைத் தேர்ந்தெடுப்பதும் அலையைத் தேர்ந்தெடுப்பதும் அந்த உடம்பு, அடிபடுவது மட்டும் இப்போதைய உடம்பு.

எந்தக் கோளாறு தென்பட்டாலும் முதலில் கடலையும், அடுத்துப் பலகையையும், கடைசியாக உடம்பையும் சந்தேகிக்க வேண்டும். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்; பொருந்தாத கடலில் பொருந்தாத பலகையோடு மல்லுக்கட்டிவிட்டு, வயதாகிவிட்டது என்று முடிவுகட்டி வீடு திரும்புகிறோம். மேலும், ஒரு நாளில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்க்க வேண்டும். இடம், பலகை, நிற்கும் முறை ஆகிய மூன்றையும் ஒரே காலையில் மாற்றினால் எதனால் சரியானது என்பது தெரியாமலே போகும். நிற்காமல் 400 மீட்டர் நீந்த முடியாதவர்கள் பலகை வாங்கும் பணத்தை எடுத்து வைத்துவிட்டு, முதலில் நீச்சலை மீட்டுக்கொள்வது நல்லது.

அலை கரையிலேயே உடைந்து மணலில் அடித்துப் போடுகிறது

இது உங்கள் பிழையன்று, இடத்தின் பிழை. ஓர் அலை ஏறத்தாழ தன் உயரத்தைப் போல் 1.3 மடங்கு ஆழமுள்ள இடத்துக்கு வரும்போது உடைகிறது. கடலடி மெல்லச் சரியும் கரையில் அந்த ஆழம் தொலைவிலேயே வந்துவிடுவதால், உடைந்த அலை நுரையாக நெடுந்தூரம் உருண்டு வந்து பழகுவதற்கு இடம் கொடுக்கிறது. செங்குத்தாக இறங்கும் கரையில் அலையின் மொத்த எடையும் முழங்காலளவு நீரில் கவிழ்கிறது. அங்கே விழுந்தால் கழுத்துக்கும் தோளுக்கும் ஆபத்து.

கன்னியாகுமரியிலிருந்து நீரோடி வரையுள்ள நம் குமரி மாவட்டத்து மேற்குக் கரையில் இத்தகைய செங்குத்தான கரைகள் நிறைய உள்ளன. போதாக்குறைக்கு, கடலரிப்பைத் தடுக்கப் போட்ட பாறாங்கல் சுவர்களும், கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுகளும் ஊருக்கு ஊர் நீண்டிருக்கின்றன. அலை உடையும் இடத்துக்கும் கரைக்கும் இடையே 30 மீட்டர் நுரையாவது இல்லாத இடத்திலும், பாறையோ தூண்டில் வளைவோ பக்கத்தில் உள்ள இடத்திலும் இறங்கக் கூடாது. மணக்குடியில் பழையாறும், கடியப்பட்டணத்தில் வள்ளியாறும், தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறையாறும் கடலில் சேரும் முகத்துவாரங்களை அறவே தவிர்க்க வேண்டும். ஆற்று நீரும் அலையும் மோதும் இடத்தில் மணல்திட்டு அடிக்கடி இடம் மாறும், நேற்றைய ஆழம் இன்று இருக்காது.

சொந்த மாவட்டத்தைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். திரும்பி வருபவர் முதல் பத்து முறையாவது பயிற்சியாளரும் மீட்புக் காவலரும் இருக்கிற கோவளத்துக்கோ வர்க்கலைக்கோ செல்வதே சரி என்பது என் முடிவு. அதன் பிறகும் நம் கரையில் தனியாக இறங்கலாகாது. இறங்குமுன் அங்கே வலை செப்பனிட்டுக்கொண்டிருப்பவர்களிடம் கேட்க வேண்டும். கரமடி வலை இழுக்கும் நேரத்திலும் வள்ளங்கள் கரையேறும் நேரத்திலும் ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.

கடல் அமைதியாகத்தான் இருந்தது. திடீரென்று பெரிய அலைகள் வரிசையாக வந்துவிட்டன

தெற்கு இந்தியப் பெருங்கடலில், நமக்குப் பல ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே வீசும் புயற்காற்று எழுப்பும் அலைகள் சில நாட்கள் பயணம் செய்து நம் கரைக்கு வந்து சேர்கின்றன. இங்கே காற்றே இருக்காது, வானம் தெளிந்திருக்கும், கடலும் சாதுவாகத் தெரியும். ஆனால் அலைக்கும் அலைக்கும் இடையே 15 வினாடிக்கு மேல் இடைவெளி விட்டு, கூட்டங்கூட்டமாகப் பெரிய அலைகள் வரும். இதைத்தான் கள்ளக்கடல் என்கிறோம். ஏப்ரல், மே மாதங்களில் இது அதிகம். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் உயிரிழந்தது இப்படிப்பட்ட எச்சரிக்கை நடப்பில் இருந்த நாட்களில்தான்.

ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் வெளியிடும் அலை எச்சரிக்கையை முந்தின இரவே பார்த்துவிட வேண்டும். எச்சரிக்கை இருந்தால் பயணத்தைக் கைவிட வேண்டும், கரை வரை போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்பது வேண்டாம். எச்சரிக்கை இல்லாத நாளிலும் 20 நிமிடம் கரையில் உட்கார்ந்து, வருகிற மிகப் பெரிய அலை எது என்று பார்த்துவிட்டே பலகையை அவிழ்க்க வேண்டும். ஒருமுறை என் கண்ணுக்கு இடுப்பளவு அலைகள் அழகாக வந்துகொண்டிருந்தன. பக்கத்தில் பீடி புகைத்துக்கொண்டிருந்த பாட்டா ஒருவர் கடலைப் பார்த்தபடியே, "மக்களே, இண்ணைக்கு வேண்டாம், கடலு அடியிலேருந்து இளகுது" என்றார். கால்மணி நேரத்தில் நான் நின்றிருக்கக்கூடிய இடத்தில் ஆளுயர அலைகள் ஐந்து உடைந்தன.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் இல்லாமல் கடல் காலியாகத் தோன்றும். அதை வாய்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. டிசம்பர் முதல் மார்ச் வரையிலான காலைகளே நமக்குரியவை. அப்போது வடகிழக்கிலிருந்து வரும் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசி, அலையின் முகத்தைச் சீராக்கி வைக்கும். வெயில் ஏறியதும் கடற்காற்று கிளம்பி எல்லாவற்றையும் கலைத்துவிடும்.

கரையை நோக்கித் துழாவியும் கரை விலகிக்கொண்டே போகிறது

கரைக்கு வந்த நீர் ஒரு வாய்க்கால் போலத் திரும்பி ஓடும் பாதையில் நீங்கள் இருக்கிறீர்கள். அந்தப் பாதையில் ஆழம் அதிகம் என்பதால் அலை உடையாது. நீர் மணல் கலங்கித் தெரியும். இறங்குவதற்கு எளிதான இடம் போலவும் தெரியும், அதுதான் பொல்லாப்பு. தூண்டில் வளைவின் ஓரத்தில் இந்த ஓட்டம் ஏறக்குறைய எப்போதும் இருக்கும்.

பலகையை விட்டுவிடக் கூடாது. அதுதான் உங்கள் மிதவை. அதன்மேல் படுத்து, கரையை நோக்கி அல்லாமல் கரைக்கு இணையாக, நுரை தெரிகிற பக்கத்துக்குத் துழாவ வேண்டும். நுரைக்குள் வந்துவிட்டால் அலையே கரை சேர்க்கும். களைத்துவிட்டால் பலகையில் உட்கார்ந்து ஒரு கையை உயர்த்தி ஆட்ட வேண்டும். இதற்காகவே ஒவ்வொரு முறையும் இறங்குமுன், பலகையைக் காலோடு பிணைக்கும் கால்கயிற்றை நன்றாக இழுத்துப் பார்க்க வேண்டும்: அதன் நீளம் பலகையின் நீளத்துக்குச் சமமாக இருக்க வேண்டும், கீறலோ வெடிப்போ இருந்தால் தூக்கி எறிய வேண்டும். அதைக் கட்டுவது பின்னங்காலில்.

எவ்வளவு துழாவினாலும் அலை அடியில் நழுவிப் போய்விடுகிறது

திரும்பி வருபவர்கள் சொல்லும் குறைகளில் இதுவே முதன்மையானது. பத்தில் ஒன்பது முறை பலகையே காரணம் என்று சொல்லத் துணிவேன்.

என் கதையையே சொல்கிறேன். 66 கிலோ எடையிருந்த காலத்தில் 6 அடி 2 அங்குலப் பலகையொன்றில் கடைசியாக நின்ற நினைவு எனக்கு இருந்தது. அதே அளவில் பழைய பலகையொன்று விற்பனைக்கு வந்தபோது, ஏற்கெனவே பழகியவருக்கு இதுவே போதும் என்று விற்றவர் சொன்னதைக் கேட்டு வாங்கிவிட்டேன். அதன் அடிப்பக்கத்தில் கொள்ளளவு 33 லிட்டர் என்று எழுதியிருந்தது. என் எடை அப்போது 82 கிலோ. படுத்தால் மார்பு வரை நீரில் மூழ்கியது. ஐந்து வாரம், வாரத்துக்கு இரண்டு முறை போய், உடையாத அலை ஒன்றையும் நான் பிடிக்கவில்லை. ஆறாவது வாரம் பயிற்சி நிலையம் ஒன்றில் 9 அடி மென்பலகையை வாடகைக்கு எடுத்து, முதல் அரைமணி நேரத்தில் மூன்று அலை பிடித்தேன். உடம்பில் எதுவும் மாறவில்லை.

இதன் கணக்கு எளியது. இடுப்பளவு அலை உடையும் இடத்தில் அதன் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டரை ஒட்டி இருக்கும். பலகையில் படுத்துக் கையால் துழாவும் நம்மைப் போன்றவர்களுக்கு மணிக்கு 6 கிலோமீட்டரை எட்டுவதே பெரிய காரியம். ஆகவே அலையின் வேகத்தை நாம் எட்டிப்பிடிப்பதில்லை. அலை நம்மைத் தூக்கிச் சரிக்கும் அந்த ஒரு கணத்தில் பலகை வழுக்கத் தொடங்க வேண்டும். நீரின் மேல் உயரமாக மிதக்கிற நீண்ட பலகை குறைந்த சரிவிலேயே வழுக்கத் தொடங்கிவிடும். பாதி மூழ்கிய குட்டைப் பலகை, அலை செங்குத்தாகும் வரை காத்திருக்கும். அப்போது எழுந்து நிற்க நேரம் இருக்காது.

பலகையின் கொள்ளளவு லிட்டரில், உங்கள் எடை கிலோவில். முதல் எண் இரண்டாவதற்குச் சமமாகவோ சற்றுக் கூடுதலாகவோ இருக்க வேண்டும். பலகையில் லிட்டர் எழுதியிராவிட்டால் நீளம், அகலம், கனம் மூன்றையும் அங்குலத்தில் அளந்து பெருக்கி 100-ஆல் வகுத்தால் ஏறத்தாழ சரியான எண் கிடைக்கும். 8 அடி நீளம், 22.5 அங்குல அகலம், 3.25 அங்குலக் கனமுள்ள பலகைக்கு 70 லிட்டர் வரும். அது 70 கிலோ ஆளுக்குரியது. என் போன்றவர்களுக்கு 9 அடி வேண்டும். கூரிய மூக்கும் ஒடுங்கிய வாலும் உள்ள பலகைகளுக்கு இந்தக் கணக்கு சற்றுக் கூடுதலாகக் காட்டும் (என் 33 லிட்டர்ப் பலகைக்கே 36 வருகிறது). மேற்புறம் நுரைப்பொருளால் ஆன மென்பலகையையே வாங்குங்கள். தலையில் பட்டாலும் பெரும்பாலும் தையல் போட வேண்டியிராது. வாங்குமுன் அதே அளவுப் பலகையை மூன்று முறையாவது வாடகைக்கு எடுத்துப் பார்க்க வேண்டும். 9 அடிப் பலகையை வீட்டுக்குக் கொண்டுபோவது தனித் தொல்லை. ஆட்டோவில் அது அடங்காது, பேருந்தில் ஏற்ற நடத்துநர் இணங்க மாட்டார். காரின் கூரையில் பழைய பாயை மடித்துப் போட்டு, அகலமான நாடாவால் இரண்டு இடத்தில் கட்டினால் நாகர்கோவில் சாலைப் பள்ளங்களையும் அது தாங்கும்.

பலகை சரியான அளவாக இருந்தும் அலை நழுவினால், நீங்கள் பின்தள்ளிப் படுத்திருக்கிறீர்கள். வால் அமிழ்ந்து, மூக்கு வானத்தைப் பார்க்கிறது. ஒரு கையகலம் முன்னால் நகர்ந்து பாருங்கள். அலை உங்களைத் தூக்கிய பிறகும் இரண்டு முறை கூடுதலாகத் துழாவ வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அலை பிடிபடுகிறது, உடனே மூக்கு குத்திக் கவிழ்கிறது

முன்தள்ளிப் படுத்திருக்கலாம், அல்லது அலை மிகவும் செங்குத்தான பிறகு கிளம்பியிருக்கலாம். எது என்பதைக் கடலில் கண்டுபிடிப்பது கடினம், குளத்தில் எளிது. விடியற்காலையில் எங்கள் ஊர்க் குளத்துக்குப் பலகையைக் கொண்டுபோய், அசையாத நீரில் படுத்து, மூக்கு நீருக்கு மேல் இரண்டு விரற்கடை நிற்கும் இடத்தைத் தேடினேன். மோவாய்க்கு நேரே பலகையில் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஓர் அக்கா, "குளத்துல எதுக்கு தம்பி ஓடம்?" என்று கேட்டார், பதில் சொல்லச் சற்றுத் தடுமாறினேன். அன்றிலிருந்து கடலில் படுத்தவுடன் மோவாயைக் கோட்டுக்கு நேராக வைப்பது பழக்கமாகிவிட்டது. தாமரைத் தண்டு அடர்ந்த குளத்தைத் தவிர்க்கவும். பலகையின் அடியிலுள்ள அடிச்சிறகிலும் கால்கயிற்றிலும் சுற்றிக்கொள்ளும்.

கோட்டில் சரியாகப் படுத்தும் மூக்கு குத்தினால், கிளம்புவது தாமதமாகிறது என்று பொருள். உடையப்போகும் உச்சிக்கு நேரே நில்லாமல் சற்று வெளியே காத்திருங்கள். அலை தூக்கும்போது மார்பை நிமிர்த்துங்கள். கரைக்கு நேராகப் பாயாமல் சிறிது சாய்வாகக் கிளம்புங்கள்.

எழுந்து நிற்கும்போது முழங்கால் ஊன்றுகிறது

முழங்காலில் நின்று எழும் பழக்கம் ஒட்டிக்கொண்டால் போகாது. ஆகவே இதை நுரை அலையிலேயே திருத்திவிட வேண்டும். மூன்று காரணங்களைப் பார்க்கவும். கைகள் பலகையின் விளிம்பைப் பிடித்திருந்தால் இடுப்பு மேலே வராது. உள்ளங்கை இரண்டும் கடைசி விலா எலும்புக்கு நேரே, பலகையின் மேல் தட்டையாக ஊன்றியிருக்க வேண்டும். கண் பாதத்தைப் பார்த்தால் உடம்பும் குனிந்தே நிற்கும். கரையிலுள்ள தென்னையின் குருத்தைப் பார்க்கவும். மூன்றாவது காரணம் இடுப்பின் இறுக்கம், 14 ஆண்டு நாற்காலி கொடுத்த பரிசு. தினமும் இரண்டு நிமிடம் குத்துக்காலிட்டு உட்காருவதும், தரையில் சம்மணமிட்டுச் சாப்பிடுவதும் எனக்கு உதவிய அளவுக்கு வேறெதுவும் உதவவில்லை.

மொட்டைமாடியில் பாய் விரித்து, நடுவே சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, படுத்த நிலையிலிருந்து எழுந்து இரண்டு பாதமும் கோட்டின் மேல் குறுக்காக வந்து நிற்கும்படி பத்துப் பத்தாக மூன்று முறை, நாள்தோறும் பழக வேண்டும். ஒரே துள்ளலில் முடியாதவர்கள் பின்காலை முதலிலும் முன்காலை இரண்டு கைகளுக்கு நடுவிலும் வைத்து எழலாம். பெரிய பலகை அதற்கான நேரத்தைக் கொடுக்கும். எது முன்கால் என்று ஐயமிருந்தால், எதிர்பாராத நேரத்தில் யாரையாவது முதுகில் லேசாகத் தள்ளச் சொல்லிப் பாருங்கள். முதலில் முன்னால் போவதே முன்கால்.

இருபது நிமிடத்தில் தோள் ஓய்ந்துவிடுகிறது

ஓய்ச்சல் என்றால் பயிற்சிக் குறை. குத்தும் வலி என்றால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். பயிற்சிக் குறைக்கும் குளமே மருந்து: வாரத்துக்கு மூன்று காலை, 20 நிமிடம், அவசரமில்லாத நீண்ட துழாவல். தலையைத் தொங்கப் போட்டுத் துழாவினால் தோள்மூட்டு நெருக்குப்படும். மார்பை நிமிர்த்தினால் பாரம் முதுகுக்குப் போகும். முதல் மாதம் கடலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்க வேண்டாம். களைத்த பிறகு பிடிக்கும் அலையில்தான் அடிபடுகிறோம்.

நுரையைத் தாண்டி வெளியே போக முடியவில்லை

போக வேண்டாம். முதல் சில வாரம் இடுப்பளவு நீரில் நின்று நுரை அலையிலேயே பழகுவது போதும். பிறகு போகும்போது, பெரிய பலகையை அலைக்கடியில் அமிழ்த்த முடியாது என்பதால், அலை நெருங்கியதும் இரு விளிம்பையும் பிடித்துக்கொண்டு தலைகீழாகப் புரண்டு, பலகையை மேலே கூரை போல வைத்து, அலை கடந்ததும் திரும்பப் புரண்டு எழ வேண்டும். இதையும் குளத்தில் பழகலாம். பலகையை உதறிவிட்டு முங்குவதற்கு மட்டும் பழகிக்கொள்ளக் கூடாது. 9 அடிக் கயிற்றின் முனையில் அது யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது.

மார்பும் பாதமும் வழுக்குகின்றன

குளிக்கப் போகுமுன் தேங்காய் எண்ணெய் தேய்க்கும் வழக்கம் நமக்கு உண்டு. அந்த எண்ணெய் பலகையில் ஏறினால், வழுக்காமலிருக்கத் தேய்க்கும் எந்த மெழுகும் நிற்காது. சோப்பு நீரால் பலகையைக் கழுவி, உடம்பில் எண்ணெய் இல்லாமல், மேலே இறுக்கமான நீச்சல் சட்டை அணிந்து இறங்கவும். மென்பலகை மார்பில் உரசிச் சிராய்ப்பதையும் அது தடுக்கும். மெழுகு தேவைப்பட்டால் வெப்பக் கடலுக்குரியதைக் கேட்டு வாங்க வேண்டும், குளிர்கடல் மெழுகு நம் வெயிலில் இளகி ஓடிவிடும். மெழுகுவத்தியைத் தேய்த்தால் வழுக்கல் அதிகமாகும். நான் தேய்த்துப் பார்த்திருக்கிறேன்.

பலகை ஒரு பக்கமாக இழுக்கிறது

அடிச்சிறகுகளைப் பாருங்கள். வளைவு வால் பக்கம் நோக்கியிருக்க வேண்டும். மூன்றில் ஒன்று தளர்ந்திருந்தாலும் இழுக்கும்.

பலகை முன்பைவிடக் கனமாக இருக்கிறது

எங்கோ நீர் புகுந்திருக்கிறது. காயவைத்துத் துடைத்த பிறகு ஓரங்களையும், சிறகுகள் பொருந்தும் இடத்தையும், கால்கயிறு கட்டும் குழியையும் நகத்தால் தடவிப் பார்த்தால் வெடிப்பு அகப்படும். வெடிப்பு கீழே வரும்படி நிழலில் சாத்தி வைத்து, சொட்டுவது நின்ற பிறகும் சில நாள் காற்றாட விட்டு, முழுக்கக் காய்ந்ததும் அடைக்க வேண்டும். ஈரத்தின் மேல் பூசிய பசை நிற்காது. சீக்கிரம் காயட்டும் என்று வெயிலில் போட்டாலோ, சாத்திய காருக்குள் விட்டுவிட்டாலோ, மேற்புறம் உள்ளிருந்து பிரிந்து அப்பளம் போல உப்பிவிடும். அந்தப் பலகையைப் பிறகு சரிசெய்வது கடினம்.